பக்கத்துக்குள் வீடியோ வைக்கும் உரிமை யாருடையது? இயோலாஸ் வழக்குகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயோலாஸ் என்பது யார்? என்ன தயாரிக்கிறார்கள்?

கடையில் வாங்குகிற மாதிரி எதுவும் அவர்களிடம் இல்லை. இயோலாஸ் அமெரிக்காவில் உள்ள ஒரு சின்ன நிறுவனம். மைக்கேல் டாய்ல் என்பவர் தொடங்கியது. அவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் வேலை பார்த்தபோது, கருவின் வளர்ச்சிப் படங்களை மருத்துவ மாணவர்கள் வலை வழியாகத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஒரு வழி தேடினார். பெரிய கணக்கீட்டைத் தொலைவில் இருக்கும் கணினிகள் செய்யும், விளைவு மட்டும் பிரவுசர் பக்கத்துக்குள்ளேயே தெரியும். மவுஸை அசைத்தால் படமும் திரும்பும். டேவிட் மார்ட்டின், சியோங் ஆங் என்ற இருவருடன் சேர்ந்து இதைச் செய்தார். 1994 அக்டோபரில் பல்கலைக்கழகம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. 1998 நவம்பர் 17 அன்று 5,838,906 என்ற எண்ணோடு அது கிடைத்தது. வழக்கறிஞர்கள் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து "906" என்பார்கள். காப்புரிமை பல்கலைக்கழகத்தின் பெயரில், அதன் தனி உரிமம் இயோலாஸின் கையில்.

காப்புரிமை வேறு, பதிப்புரிமை வேறு. பாட்டு, படம், எழுத்து இவற்றைக் காப்பது பதிப்புரிமை. ஒரு காரியத்தைச் செய்யும் முறையைக் காப்பது காப்புரிமை. நீங்கள் யாரையும் பார்த்து எழுதாமல், சொந்தமாகவே யோசித்து எழுதிய நிரலாக இருந்தாலும், முறை ஒன்றாக இருந்தால் காப்புரிமை மீறல்தான். இந்த வழக்குகளில் எல்லோரையும் எரிச்சல்படுத்தியது இதுதான்.

அந்தக் காப்புரிமை எதைத் தன்னுடையது என்கிறது? "இன்டர்நெட்டில் வீடியோ"வையா?

அப்படிப் பொதுவாகச் சொல்லவில்லை. சட்டத்தில் எண்ணப்படுவது உரிமைக்கோரல் என்ற பகுதி. அதை ஒரு சங்கிலி மாதிரி படிக்க வேண்டும். வலையில் இருந்து ஒரு பக்கம் பிரவுசருக்கு வருகிறது. அந்தப் பக்கத்துக்குள், ஒரு குறிப்பிட்ட இடத்தில், வெளியே இருக்கும் ஒரு பொருளைச் சுட்டும் குறிச்சொல் இருக்கிறது. அந்தப் பொருளின் வகையைப் பார்த்து, அதைத் திறக்கத் தெரிந்த வேறொரு செயலியைப் பிரவுசர் தேடுகிறது. பயனர் எதுவும் செய்யாமலேயே, தானாக, அந்தச் செயலி இயங்குகிறது. அதே சன்னலுக்குள், அதே இடத்தில், பயனர் அந்தப் பொருளோடு ஊடாட முடிகிறது.

இத்தனை கண்ணிகளும் சேர்ந்தால்தான் மீறல். ஒன்று அறுந்தாலும் தப்பிக்கலாம். ஆனால் அன்றைய பிளக்-இன் என்ற ஏற்பாடே இதுதான். அசையும் படங்களை ஓட்டும் பிளாஷ், வீடியோ ஓட்டும் ரியல்பிளேயர், குயிக்டைம், அப்புறம் ஜாவா ஆப்லெட், பிடிஎஃப் எல்லாம் இந்த வரையறைக்குள் வந்து விழுந்தன. எம்பெட், ஆப்ஜெக்ட், ஆப்லெட் என்ற குறிச்சொற்களில் (டேக்) ஒன்றையாவது பயன்படுத்திய தளங்கள் அப்போது ஏராளம்.

மைக்ரோசாஃப்ட் மேல் வழக்கு எப்போது வந்தது? 52 கோடி டாலர் கணக்கு எப்படி?

1999-ல் சிகாகோ கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்கு தொடங்கியது. 2003 ஆகஸ்டில் ஜூரி தீர்ப்பு சொன்னது: இன்டர்நெட் எக்ஸ்புளோரர் காப்புரிமையை மீறுகிறது, இழப்பீடு 52 கோடியே 6 லட்சம் டாலர். பிரவுசர் இலவசம்தானே, அதற்கு எப்படி விலை போட்டார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பிரவுசர் விண்டோஸோடு சேர்ந்து வந்ததால், விற்ற விண்டோஸ் பிரதி ஒவ்வொன்றுக்கும் 1.47 டாலர் என்று ஜூரி நிர்ணயித்தது. சுமார் 35 கோடி பிரதிகள், வெளிநாடுகளில் விற்றவையும் சேர்த்து. பெருக்கினால் அந்தத் தொகை வந்துவிடும்.

அன்று மைக்ரோசாஃப்டைப் பிடிக்காதவர்கள் நிறைய பேர். போட்டிப் பிரவுசரான நெட்ஸ்கேப்பை நசுக்கிய கம்பெனிக்கு இது வேண்டும் என்று ஒரு வாரம் சிரித்தார்கள். எதிரிக்கு விழுந்த அடி தங்கள் முதுகுக்கும் வரும் என்பது அடுத்த வாரமே புரிந்துவிட்டது. பிரவுசர் மாறினால் கோடிக்கணக்கான பக்கங்கள் மாற வேண்டும். அந்தப் பக்கங்களை எழுதியவர்கள் மைக்ரோசாஃப்ட் ஊழியர்கள் அல்ல.

"இதைச் செயல்படுத்த கிளிக் செய்யவும்" என்ற பெட்டி எதனால் வந்தது?

இதை நேரில் பட்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2006 ஏப்ரல் 11 அன்று இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு வந்த பாதுகாப்பு அப்டேட்டோடு ஒரு மாற்றமும் சேர்ந்து வந்தது. பிப்ரவரி கடைசியில் விருப்பப்பட்டவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று தந்திருந்ததை ஏப்ரலில் எல்லோருக்கும் அனுப்பினார்கள். பக்கத்தில் பதித்த பிளாஷ் தெரியும், ஓடும், பாட்டுகூடப் பாடும். ஆனால் மவுஸுக்கும் விசைப்பலகைக்கும் பதில் சொல்லாது. மவுஸைக் கொண்டுபோனால் சுற்றி ஒரு கோடு விழும், கிளிக் செய்து செயல்படுத்துங்கள் என்று ஒரு சின்னக் குறிப்பு எட்டிப் பார்க்கும். ஒரு கிளிக் செய்த பிறகுதான் பொத்தான் பொத்தானாக வேலை செய்யும். மேலே சொன்ன சங்கிலியில் "தானாக" என்ற கண்ணியை இப்படி அறுத்தார்கள்.

அப்போது நான் ஒரு நகைக்கடையின் தளத்தைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். முகப்பில் பிளாஷ் மெனு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மின்னல், ஒரு வளையல் ஓசை. அந்தக் காலத்து ரசனை, விடுங்கள். காலையில் முதலாளியின் போன். "தம்பி, மெனுவை ரெண்டு தடவை அமுக்கினாத்தான் தொறக்குது. என்ன பண்ணி வெச்சே?" நான் ஒன்றும் பண்ணவில்லை அண்ணாச்சி, அமெரிக்காவில் ஒரு வழக்கு என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வேலை செய்யாமல் தப்பிக்க நான் சொல்லும் புதுச் சாக்கு என்று நினைத்திருப்பார். அன்று மாலைக்குள் முப்பது சொச்சம் பக்கங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஆப்ஜெக்ட் டேக்கை எடுத்துவிட்டு, தனிக் கோப்பில் இருக்கும் ஸ்கிரிப்டை அழைக்கும் வரியைப் போட்டேன். அந்த வேலைக்கு அவரிடம் பில் போடவும் மனசு வரவில்லை, போடாமல் இருக்கவும் மனசு வரவில்லை.

வெளி ஸ்கிரிப்ட் கோப்பு வழியாக எழுதினால் மட்டும் பெட்டி வராதது ஏன்?

அதே பிளாஷ் கோப்பு, அதே அளவு, அதே இடம். டேக் பக்கத்திலேயே இருந்தால் கிளிக் கேட்கும். அந்த டேக்கை வெளியே இருக்கும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு எழுதிக் கொடுத்தால் கேட்காது. அதே ஸ்கிரிப்டைப் பக்கத்துக்குள்ளேயே எழுதினாலோ, மறுபடி கேட்கும்! மைக்ரோசாஃப்டே இந்த வழியை நிரலாளர்களுக்கான குறிப்பில் சொல்லிக் கொடுத்தது. எஸ்டபிள்யூஎஃப்ஆப்ஜெக்ட் என்ற சின்ன ஸ்கிரிப்ட் அந்த ஆண்டில் உலகம் முழுக்கப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் அர்த்தமே இல்லை. உரிமைக்கோரலின் சொற்களோடு வைத்துப் பார்த்தால் புரியும். வலையிலிருந்து வந்த பக்கத்துக்குள், ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிச்சொல் இருக்க வேண்டும் என்பது ஒரு கண்ணி. வெளிக் கோப்பு பிறகு எழுதிய குறிச்சொல் வந்த பக்கத்தில் இல்லை. அவ்வளவுதான். பயனருக்கு எந்த வித்தியாசமும் தெரியாத ஒன்றுக்காக, உலகம் முழுக்க நிரலாளர்கள் ராத்திரி கண்விழித்தார்கள். கோப்பு ஒன்று கூடியதால் பக்கம் திறக்கும் நேரமும் கொஞ்சம் கூடியது.

ஸ்கிரிப்ட் போடத் தெரியாதவர்கள், செய்துகொடுத்தவன் ஊரைவிட்டே போய்விட்ட தளங்களின் சொந்தக்காரர்கள், இவர்கள் தளங்களில் அந்தப் பெட்டி இரண்டு வருடம் அப்படியே நின்றது. பயர்ஃபாக்ஸில் இந்தத் தொல்லை வரவில்லை, வழக்கு அவர்கள் மேல் இல்லை.

வயோலா என்று ஒரு பிரவுசரைப் பற்றிச் சொல்கிறார்களே, அது என்ன?

இந்தக் கதையின் நாயகன் என்று ஒருவரைச் சொன்னால் பெய் வெய்யைத்தான் சொல்ல வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவராக இருந்தபோது அவர் எழுதிய பிரவுசர் வயோலா. ஆம், அதே பல்கலைக்கழகம். ஒரு வளாகத்தில் காப்புரிமை, அதை உடைக்கும் ஆதாரம் இன்னொரு வளாகத்தில்.

மொசைக் என்ற பிரவுசர் பிரபலமாவதற்கு முன்பே வயோலா வெளிவந்துவிட்டது. அதில் பக்கத்துக்குள்ளேயே சின்னச் சின்னச் செயலிகளை ஓட்ட முடிந்தது. 1993 மே 7 அன்று சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்கள் இருவருக்கு வெய் அதைச் செய்து காட்டினார். ரகசிய ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. அதே மே 31 அன்று, மேம்படுத்திய பதிப்பை யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்தார். இயோலாஸ் விண்ணப்பம் அதற்கு ஒன்றரை வருடம் கழித்து.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு முறை ஏற்கெனவே பொதுவெளியில் இருந்தால் அதற்குப் பிறகு வருகிறவருக்குக் காப்புரிமை கிடையாது. அப்படியானால் சிகாகோவில் ஜூரி ஏன் இதைப் பார்க்கவில்லை? நீதிபதி அதை ஜூரி முன் வைக்க விடவில்லை. வெய் முதல் பதிப்பைக் கைவிட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார், ஆகவே அது கைவிடப்பட்ட கண்டுபிடிப்பு என்பது நீதிபதியின் வாதம். மென்பொருள் எழுதும் யாரும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். புதுப் பதிப்பு வெளியிடுவது பழையதைக் கைவிடுவதா, வளர்ப்பதா? 2005 மார்ச் 2 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. 52 கோடி தீர்ப்பை ரத்து செய்து, வயோலாவை ஜூரி கேட்கட்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது.

காப்புரிமை அலுவலகமே இதை ரத்து செய்திருக்கலாமே?

முயன்றார்கள். 2003 அக்டோபர் கடைசியில், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தலைவர் என்ற முறையில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். ஒரு தனி நிறுவனத்தின் சண்டையில் அந்த அமைப்பு இப்படித் தலையிட்டது வழக்கமில்லாத விஷயம். 1993-ல் டேவ் ராகெட் வலைக்குழுவில் முன்வைத்த, பக்கத்துக்குள் பொருளைப் பதிக்கும் டேக் பற்றிய யோசனைகளை ஆதாரமாகக் காட்டினார்கள். சில நாளிலேயே அலுவலகம் மறு ஆய்வுக்கு உத்தரவிட்டது. 2004-ல் முதற்கட்டமாக உரிமைக்கோரல்களை நிராகரித்தது. எல்லோரும் அப்பாடா என்றார்கள். 2005 செப்டம்பரில் அதே அலுவலகம் அதே காப்புரிமை செல்லும் என்று முடித்துவிட்டது. இரண்டு வருடம் தள்ளிப் போனதுதான் மிச்சம். அந்த முடிவு வந்த பிறகுதான் மைக்ரோசாஃப்ட் கிளிக் பெட்டியைக் கொண்டுவந்தது.

மைக்ரோசாஃப்ட் கடைசிவரை போராடவில்லையா?

இல்லை. 2007 ஆகஸ்டில் இரு தரப்பும் சமாதானம் செய்துகொண்டன. தொகையை இரு நிறுவனங்களும் அறிவிக்கவில்லை. நவம்பரில் கிளிக் பெட்டியை எடுக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது, 2008 ஏப்ரலில் எடுத்தும்விட்டது. என் நகைக்கடைத் தளம் எந்தப் பக்கமும் மாறாமல் தொடர்ந்து ஓடியது. இருந்தாலும் அந்த ஸ்கிரிப்டை எடுக்க யாருக்கும் துணிவில்லை, எனக்கும்தான்.

கெடுதல் ஒன்று நடந்தது. பணம் கொடுத்து முடித்ததால் வயோலா ஜூரி முன் நிற்கவே இல்லை. காப்புரிமை உயிரோடு இருந்தது. கையில் பணமும் சேர்ந்துவிட்டது.

பிறகு 23 நிறுவனங்கள் மேல் வழக்கா? அவர்கள் எல்லாம் பிரவுசர் செய்கிறவர்களா?

பயப்பட வேண்டிய கட்டம் இதுதான். 2009 அக்டோபர் 6 அன்று இயோலாஸுக்கு முதல் காப்புரிமையின் தொடர்ச்சியாக 7,599,985 கிடைத்தது. அதே நாளில் டெக்சாஸ் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஆப்பிள், கூகுள், யாஹூ, அடோபி, அமேசான் என்று தொழில்நுட்பப் பெயர்கள் ஒருபுறம். மறுபுறம் பார்த்தால் ஜே.சி. பென்னி என்ற துணிக்கடை, ஸ்டேப்பிள்ஸ் என்ற எழுதுபொருள் கடை, சிட்டிகுரூப், ஜேபி மார்கன் வங்கிகள், உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் ஃப்ரிட்டோ-லே!

வறுவல் கம்பெனி எந்தப் பிரவுசரையும் எழுதவில்லை. ஆனால் அவர்கள் தளத்தில் ஊடாடும் படங்களும் வீடியோவும் இருந்தன. அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை பெற்ற முறையைச் செய்பவர், விற்பவர் மட்டுமல்ல, பயன்படுத்துபவரும் மீறியவராகலாம். அதாவது எம்பெட் டேக் எழுதியவர் வரை கை நீளும்.

சிலர் பணம் கொடுத்து ஒதுங்கினார்கள். கூகுள், யாஹூ, அமேசான், அடோபி, ஜே.சி. பென்னி போன்றவர்கள் நின்றார்கள். 2012 பிப்ரவரியில் டெக்சாஸின் டைலர் நகரில் விசாரணை. காப்புரிமை வைத்திருப்பவர்களுக்குச் சாதகமான ஊர் என்று அதற்குப் பெயர். டிம் பெர்னர்ஸ்-லீ அங்கே போய் சாட்சிக்கூண்டில் ஏறினார். பெய் வெய்யும் சாட்சி சொன்னார். ஏறக்குறைய இருபது வருடத்துக்கு முந்தைய வயோலாவை ஜூரி கேட்டது. பிப்ரவரி 9 அன்று, இரு காப்புரிமைகளிலும் வழக்குக்கு எடுத்த உரிமைக்கோரல்கள் செல்லாது என்று தீர்ப்பு. 2013 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

1993-ல் காட்டிய ஒரு செய்முறை 2012-ல்தான் எண்ணிக்கைக்கு வந்தது. நடுவில் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

அத்தோடு முடிந்ததா?

இல்லை. 2015 நவம்பரில் அதே 1994 விண்ணப்பத்தின் வாரிசாக இன்னொரு காப்புரிமை, 9,195,507. கூகுள், அமேசான், வால்மார்ட் மேல் வழக்கு. அது கலிபோர்னியாவுக்கு மாற்றப்பட்டு, 2022-ல் வெறும் கருத்தளவிலான யோசனைக்கு உரிமை கேட்கிறது என்று செல்லாததாக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் முப்பது வருடத்துக்குச் சில மாதம் குறைவு.

இப்போது வீடியோ டேக் இருக்கிறதே, பிளக்-இன் தேவையில்லையே?

சண்டை டேக்கிலிருந்து, வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறையான கோடெக்குக்கு நகர்ந்தது. வலைப்பக்க மொழியின் புதிய தரமான எச்டிஎம்எல்5 வரைவில் முதலில் ஓக் தியோரா என்ற உரிமக் கட்டணமில்லாத வடிவத்தைச் சிபாரிசு செய்திருந்தார்கள். நோக்கியாவும் ஆப்பிளும் எதிர்த்தன. 2007 டிசம்பரில் அந்த வரி நீக்கப்பட்டது. பிறகு எந்தக் கோடெக்கின் பெயரும் இல்லாமலேயே தரம் வெளிவந்தது. டேக் ஒன்று, அதற்குள் வைக்கும் கோப்பு மூன்று என்று நாம் சில வருடம் திண்டாடியது அதனால்தான். எச்.264 வடிவத்துக்கு எம்பெக் எல்ஏ என்ற அமைப்பு பல நிறுவனங்களின் காப்புரிமைகளைத் திரட்டி உரிமம் விற்றது. இலவசமாகக் கொடுக்கப்படும் பயர்ஃபாக்ஸ் அதை ஏற்க மறுத்தது. கூகுள் 2010-ல் ஆன்2 நிறுவனத்தை வாங்கி அதன் விபி8 கோடெக்கை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2013-ல் சிஸ்கோ தன் செலவில் உரிமக் கட்டணம் கட்டி ஒரு எச்.264 நிரலை எல்லோருக்கும் கொடுக்க முன்வந்தது. 2018-ல் வந்த ஏவி1 என்ற கோடெக் கட்டணமில்லாதது என்றார்கள், அடுத்த வருடமே சிஸ்வெல் என்ற நிறுவனம் அதற்கும் ஒரு காப்புரிமைத் தொகுப்பை அறிவித்தது.

எம்பி3 உரிமத் திட்டத்தை மட்டும் 2017-ல் நிறுத்திவிட்டார்கள். காலாவதி என்ற ஒரு வார்த்தைக்காக இத்தனை பேர் காத்திருந்த துறை வேறு இருக்காது.

இந்தியாவில் இந்தக் காப்புரிமை கிடைத்திருக்குமா?

காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. அமெரிக்கக் காப்புரிமை இங்கே செல்லாது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரலை நிரல் என்ற அளவில் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. 2004 கடைசியில் ஓர் அவசரச் சட்டம் இதைத் தளர்த்தப் பார்த்தது. 2005-ல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வை விட்டுவிட்டது. ஆனாலும் நகைக்கடை அண்ணாச்சியின் மெனு ரெண்டு தடவை அமுக்க வேண்டியதாகத்தானே ஆனது? பிரவுசர் அங்கே மாறினால் இங்கேயும் மாறும்.

என் தளத்தில் யூடியூப் வீடியோ பதித்தால் என் மேல் இப்படி வழக்கு வருமா?

இயோலாஸ் காப்புரிமைகளால் வராது, அவை நீதிமன்றங்களில் விழுந்துவிட்டன. நீங்கள் கவலைப்பட வேண்டியது பதிப்புரிமை பற்றி. அடுத்தவர் படத்தைத் திருட்டுத்தனமாக ஏற்றியவரின் வீடியோவைத் தெரிந்தே பதிக்காதீர்கள்.

பழைய தளத்தில் 2006-ன் ஸ்கிரிப்ட் இன்னும் கிடக்கிறது. எடுத்துவிடலாமா?

தாராளமாக. பிளாஷுக்கு ஆதரவு 2020 டிசம்பர் 31-ல் நின்றது, 2021 ஜனவரி 12 முதல் அதன் பிளேயரே எதையும் ஓட்ட மறுக்கிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-க்கு 2022 ஜூனில் விடை கொடுத்தார்கள். அந்த ஸ்கிரிப்ட் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் யாருமே இப்போது இல்லை. எடுப்பதற்கு முன் ஒன்று மட்டும் பாருங்கள்: அதே கோப்பில் வேறு ஏதாவது வேலையையும் சேர்த்து எழுதியிருக்கலாம். நான் எழுதியதில் தங்கம் விலை காட்டும் பட்டையும் இருந்தது. அதை மறந்து கோப்பை அழித்துவிட்டு, மறுபடி ஒரு காலைப் போன் வாங்கினேன்.